பூட்டியவர் காரணம் சொல்லட்டும்

பிரதேச சபைக்குச் சொந்தமான மைதானம், மண்டபம், வாசிகசாலை, பொதுக் கழிப்பறை முன்னறிவித்தல் இல்லாமல் மூடப்படுவதாக எமது தோட்டக் கமிட்டிகளிடமிருந்து முறைப்பாடுகள் வருகின்றன. ஓரிடத்தில் தோட்ட இளைஞர்கள் வழமையாக விளையாடும் மைதானத்தின் கேற்றில் பூட்டுத் தொங்கியது. சிங்களத்தில் மட்டும் ஓர் அறிவித்தல். காவலாளியிடம் கேட்டால் "மேலிடத்து உத்தரவு" என்கிறார். எந்த மேலிடம், எத்தனை நாளைக்கு என்பது அவருக்கும் தெரியவில்லை.

எதையும் எப்போதும் மூடக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. மண்சரிவு அபாயம் இருந்தால், டெங்கு பரவினால், திருத்த வேலை நடந்தால் மூடத்தான் வேண்டும். ஆனால் மூடுவதற்கும் ஒரு முறை உண்டு. குற்றச்சாட்டைக் கடிதத்தில் கொடுக்காமல், விசாரணை வைக்காமல் ஒரு தொழிலாளியை வேலையிலிருந்து நிறுத்த முடியாது என்று தோட்டத்தில் நாம் வாதாடுகிறோம். துரைக்குப் பொருந்தும் அந்த நியாயம் சபைக்குப் பொருந்தாதா?

தோட்ட மக்களுக்கு இதில் பழைய காயமும் இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, "தோட்டம் எங்கள் வேலையல்ல" என்று சபைகள் பல்லாண்டுகள் கையை விரித்தன. வாக்களித்தோம், சேவை கிடைக்கவில்லை. 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. சட்டம் மாறியும் நம்மை வெளியாட்களாகப் பார்க்கும் பழக்கம் சில அலுவலகங்களில் மாறவில்லை. 2023 மார்ச்சில் சபைகளின் பதவிக்காலம் முடிந்து, 2025 மே மாதத் தேர்தல் வரை தெரிவான உறுப்பினர்களே இருக்கவில்லை. இன்று இருக்கிறார்கள். மைதானத்தை மூடும் முடிவு அவர்களுக்குத் தெரியாமல் எடுக்கப்பட்டதென்றால், அதைச் சபை அமர்வில் கேட்பது அவர்களின் கடமை.

நாம் என்ன செய்யலாம்? கேற்றில் சண்டை பிடிப்பதை விட, கடிதம் கொடுப்பது பலமானது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலரிடம் நான்கு விடயங்களைக் கேளுங்கள்: முடிவை எடுத்தவர் யார், எந்தத் திகதியில்? எந்தச் சட்டம் அல்லது உபவிதியின் கீழ்? எப்போது மீண்டும் திறக்கப்படும்? மூடியிருந்த நாட்களில் அந்த இடம் வேறு யாருக்கும் வழங்கப்பட்டதா? ஏன் கேட்கிறீர்கள் என்று விளக்கத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாய்மொழியாகவும் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு, அதற்கு மேல் தகவலுக்கான உரிமை ஆணைக்குழு உண்டு. ஒரு முடிவால் பாதிக்கப்பட்டவருக்கு அதன் காரணத்தை எழுத்தில் கொடுக்கும் கடமையையும் இதே சட்டத்தின் 35ஆம் பிரிவு அதிகாரிகள் மீது சுமத்துகிறது.

தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. எனவே தமிழிலும் அறிவித்தல் போடுமாறு கேட்பது சலுகை கேட்பதாகாது. மற்றவர்களுக்குத் திறந்த கதவு நமக்கு மட்டும் மூடப்பட்டால் அது அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சொல்லும் சமத்துவத்தைப் பற்றிய கேள்வி. அப்படியானால் ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிடுங்கள். காலம் தாழ்த்தினால் உயர் நீதிமன்றம் செல்லும் வழி அடைபட்டுப் போகலாம்.

தோட்டத் தலைவர்களே, மாதர் சங்கத் தலைவிகளே! பூட்டிய நாளையும் சொல்லப்பட்ட வார்த்தையையும் குறித்து வையுங்கள். அறிவித்தலைப் படம் எடுங்கள். கடிதத்தின் பிரதியில் சபையின் முத்திரையும் திகதியும் வாங்கிக்கொண்டு சங்கக் காரியாலயத்துக்கு வாருங்கள். நியாயமான காரணம் இருந்தால் ஏற்றுக்கொள்வோம். இல்லையென்றால் பூட்டைத் திறக்கும்வரை விடமாட்டோம்.