வாங்குவதா? பூட்டுவதா?

(மூன்றாம் ஆண்டு இளநிலை இயற்பியல் மாணவன்)

“வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்” என்றார்கள் நம் முன்னோர். இன்றைய இளைஞர்கள் அவ்விரண்டோடு மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துவிட்டார்கள். அதுதான் “கணிப்பொறியைப் பூட்டிப் பார்!” என்பது. அதிலும் விளையாட்டுக்கென்று வாங்கும் கணிப்பொறியாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். செயலி ஒரு கடையில், தாய்ப்பலகை மறு கடையில், கிராபிக்ஸ் அட்டை வேறொரு கடையில் என்று அலைந்து வாங்கித் தன் கையாலேயே பூட்டுகிறவன் கெட்டிக்காரன். பூட்டிய பொறியை அப்படியே வாங்கி வருகிறவன் ஏமாளி. இப்படி ஓர் எண்ணம் மாணவரிடையே வேரூன்றியிருக்கிறது. இது சரிதானா என்று சற்றே சிந்திப்போம்.

இந்த வழக்கு இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1975 ஜனவரியில் ‘பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்’ என்னும் அமெரிக்க இதழின் அட்டையை அலங்கரித்த ஆல்டேர் 8800 என்ற கணிப்பொறி, உதிரிப் பாகங்களாகவும் விற்கப்பட்டது. பூட்டிய பொறியாகவும் விற்கப்பட்டது. பாகங்களை வாங்கியவர் சால்டரிங் கோலும் கையுமாக உட்கார வேண்டும். அடுத்த ஆண்டு, ஸ்டீவ் வாஸ்னியாக் வடிவமைத்த முதல் ஆப்பிள் கணிப்பொறியில் ஐம்பதை வாங்க முன்வந்தார் ‘பைட் ஷாப்’ கடையை நடத்திய பால் டெரல். அவர் விதித்த நிபந்தனை ஒன்றே: பாகங்களாக வேண்டாம், பலகையில் எல்லாம் பொருத்தியே தர வேண்டும். கடைக்கு வருகிறவர் எல்லாரும் பொறி செய்கிறவர் அல்லர் என்பதை அந்த வணிகர் அன்றே உணர்ந்திருந்தார். 1977இல் வந்த ஆப்பிள் 2 முழுப் பொறியாகவே விற்பனைக்கு வந்தது.

“இப்போது சால்டரிங் எதற்கு? ஒரு திருப்புளி போதுமே!” என்பர் சிலர். உண்மைதான். 1995இல் இன்டெல் நிறுவனம் வகுத்த ஏ.டி.எக்ஸ். என்னும் அளவுமுறையால் ஒருவர் செய்த பலகை மற்றொருவர் செய்த பெட்டியில் பொருந்துகிறது. ஆனால், எளிது என்பது வேறு. ஆபத்தில்லை என்பது வேறு. இன்றைய செயலிகள் அமரும் குழியில் மயிரிழை போன்ற ஊசிகள் ஆயிரத்துக்கு மேல் நிற்கின்றன. கை சற்றே நழுவிச் சில ஊசிகள் வளைந்தால் பலகையே பயனற்றுப் போகலாம். அத்தகைய சேதத்துக்கு உத்தரவாதமும் பொதுவாகக் கிடைப்பதில்லை. 2022இல் வெளியான ஆர்.டி.எக்ஸ். 4090 அட்டையின் மின்இணைப்பான்கள் சில உருகிப்போன செய்தி உலகெங்கும் பரவியது. செருகியை இறுதிவரை அழுத்திப் பொருத்தாததே பெரும்பாலும் காரணம் என்றது என்விடியா. அப்படிப் பொருத்தியவர்களில் கைதேர்ந்தவர்களும் இருந்திருப்பர் அன்றோ?

ஆயினும் என் வாதத்தின் உயிர்நாடி இதுவன்று. பொறி ஓடாமல் நின்றால் யார் பதில் சொல்வது என்பதே என் கேள்வி. திரை இருண்டுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பலகை விற்றவர் “செயலியைப் பாருங்கள்” என்பார். செயலி விற்றவர் “மின்வழங்கியைப் பாருங்கள்” என்பார். எது பழுது என்று கண்டறிய மாற்றிப் போட்டுப் பார்க்க மற்றொரு செட் பாகங்கள் வேண்டும். வீட்டில் இரண்டு பொறி உள்ளவனுக்கு அது பொழுதுபோக்கு. தந்தையின் சேமிப்போ, தாயின் நகையை அடகு வைத்த பணமோ கொண்டு ஒரே ஒரு பொறி வாங்குகிறவனுக்கு அது துயரம். பூட்டிய பொறிக்கோ ஒரே ரசீது, ஒரே பொறுப்பாளி. சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் நாம் கேட்டபடி பூட்டித் தரும் கடைக்காரரும், முழுப் பொறிக்கும் தாமே பொறுப்பு என்று எழுதிக் கொடுப்பாராயின், இவ்வகையில் சேர்வார்.

“தானே பூட்டினால் மலிவு” என்பது அடுத்த வாதம். சந்தை அமைதியாக இருக்கும் காலத்தில் இதில் உண்மை உண்டு. ஆனால் சந்தை எப்போதும் அப்படி இருப்பதில்லை. 2020 செப்டம்பரில் 699 டாலர் என்று அறிவிக்கப்பட்ட ஆர்.டி.எக்ஸ். 3080 அட்டை, 2021இல் வெளிச்சந்தையில் இரு மடங்குக்கும் மேல் விற்றது. எண்ம நாணயம் ‘தோண்டியவர்கள்’ அட்டைகளை அள்ளிச் சென்றது அதற்கொரு காரணம். அந்நாளில் நியாய விலையில் அட்டை வேண்டுமென்றால் பூட்டிய பொறியாக வாங்குவதே பலருக்கு வழியாயிற்று. 2025 இறுதியில் அடி நினைவகத்தின்மீது விழுந்தது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் சில்லுகளை விழுங்க, நினைவகத்தின் விலை சில மாதங்களில் மடங்குகளாக ஏறியது. தன் ‘குரூஷியல்’ சில்லறை வணிகத்தையே முடித்துக்கொள்வதாக மைக்ரான் நிறுவனம் அவ்வாண்டு டிசம்பரில் அறிவித்தது. மொத்தமாக வாங்கும் நிறுவனத்துக்கு இருக்கும் பலம் ஒற்றைப் பாகம் வாங்கும் மாணவனுக்கு ஏது?

அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடலாமா? கூடாது. தானம் வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது. காசு கொடுத்து வாங்கும் மாட்டைப் பார்த்தே தீர வேண்டும். விற்பவர்கள் செயலியின் பெயரையும் அட்டையின் பெயரையும் பெரிதாக எழுதிவிட்டு, மலிவான மின்வழங்கியை உள்ளே ஒளித்து வைப்பதுண்டு. ஆகவே மின்வழங்கியின் பெயரையும் வாட் அளவையும் கேளுங்கள். நினைவகம் ஒரே குச்சியா, இரண்டா என்று கேளுங்கள். இரண்டாக இருந்தால் தரவு செல்லும் பாதை இரட்டிப்பாகும். அட்டையின் முழுப் பெயரைக் கேளுங்கள். ஆர்.டி.எக்ஸ். 3050 என்ற ஒரே பெயரில் 8 ஜி.பி. அட்டையும் உண்டு, அதனினும் வேகம் குறைந்த 6 ஜி.பி. அட்டையும் உண்டு. பலகையும் மின்வழங்கியும் பொது அளவின்படி அமைந்தவையா என்று கேளுங்கள். இல்லையேல் நாளை ஒரு பாகத்தை மாற்ற நினைத்தாலும் அந்த நிறுவனத்தின் வாசலிலேயே நிற்க நேரும். மூடியைத் திறந்தால் உத்தரவாதம் போகுமா, விண்டோஸ் உரிமம் விலையில் அடக்கமா என்பவற்றையும் ரசீது போடுமுன் கேளுங்கள். இவற்றுக்கு விடை சொல்லத் தயங்கும் கடையை விட்டு வெளியே வாருங்கள்.

கேள்வி கேட்கத் தெரிந்தவன் ஏமாளி அல்லன். பொறியைப் பூட்டுவது ஓர் அறிவு என்றால், பூட்டிய பொறியை எடைபோடுவதும் ஓர் அறிவே.

“அப்படியானால் பூட்டக் கற்றுக்கொள்ளவே வேண்டாமா?” என்று ஆசிரியப் பெருமக்கள் கேட்கக்கூடும். கட்டாயம் கற்க வேண்டும். ஆனால், குடும்பத்தின் கடன் பணத்தில் வாங்கிய புதுப் பொறியின்மீதா கைப்பழக்கம் செய்வது? நீச்சல் கற்பவன் முதல்நாளே வெள்ளத்தில் குதிப்பதில்லை. கல்லூரிகளின் அறைகளில் கழித்துக் கட்டப்பட்ட கணிப்பொறிகள் தூசி படிந்து கிடப்பதுண்டு. ஏலத்துக்குப் போகுமுன் அவற்றில் நான்கைந்தை மாணவர் கையில் கொடுத்து, கழற்றவும் பூட்டவும் வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் என்ன? அங்கே ஊசி வளைந்தால் யார் வீட்டு நகையும் மூழ்காது. அங்கே கற்ற கண்ணோடு கடைக்குப் போகும் மாணவனை எந்த வணிகரும் எளிதில் ஏய்க்க முடியாது.

கற்பதற்குப் பழைய பொறி. காசுக்குப் பூட்டிய பொறி. நண்பர்களே, கெட்டிக்காரன் என்னும் பட்டத்துக்காகப் பெற்றோரின் பணத்தைப் பணயம் வைக்க வேண்டாம்.