எம் பிள்ளைகளின் கை எதற்கு?

வசதியான வீட்டுப் பிள்ளை மோட்டாரைக் கழற்றினால் ‘ஆராய்ச்சி ஆர்வம்’ என்கிறோம்; கட்டணம் கட்டி ரோபோட்டிக்ஸ் வகுப்பில் சேர்க்கிறோம். அதே மோட்டாரை ஸ்ரீபெரும்புதூர் சேரிப் பிள்ளை கழற்றினால், “ஐ.டி.ஐ.யில் சேர்த்துவிடு, ஒரகடத்தில் வேலை கிடைக்கும்” என்கிறோம்.

கைக்கு உழைப்பு, தலைக்கு அறிவு என்று பிரித்ததுதான் சாதி. இந்தப் பகுதியின் ஏரிகளில் மதகு திறந்து, எந்த வயலுக்கு எவ்வளவு தண்ணீர் என்று கணக்கிட்டுப் பாய்ச்சிய நீர்க்கட்டிகள் பெரும்பாலும் தலித்துகள். அதைக் கணிதம் என்று யார் சொன்னார்கள்? ஊழியம் என்றார்கள்.

2022 நவம்பர் 28 அன்று திருச்சி காட்டூரில், ஓர் ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் தமிழக அரசு தொடங்கிய வானவில் மன்றம் இந்தப் பிரிவினையை உடைக்க வல்லது. அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8ஆம் வகுப்பு வரை படிப்போர் கட்டணமின்றித் தாமே சோதனை செய்து பார்க்கலாம். ஆனால் 13,210 பள்ளிகளுக்கு 710 கருத்தாளர்கள் என்றுதான் திட்டம் தொடங்கியது. ஒருவருக்குச் சராசரியாக 18 பள்ளிகளுக்கு மேல். அவர் வந்துபோன மறுநாள் பிள்ளையின் கேள்விக்கு யார் பதில் சொல்வது?

நான் படித்த பள்ளியில் ஆய்வகம் பூட்டியே கிடந்தது. சோதனைக் குழாயை முதலில் தொட்டது கல்லூரியில்தான். இன்று முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். என்னோடு படித்த பலர் ஷிப்டுக்குப் போகிறார்கள். அவர்களுக்கு அறிவு குறைவில்லை.

எனவே கேட்போம்: பள்ளிதோறும் அறிவியல் ஆசிரியர், பூட்டாத ஆய்வகம், சேரியின் மாலை வகுப்புக்கு ஒரு கருவிப் பெட்டி. தொழிற்சாலைகள் சட்டப்படி ஒதுக்கும் 2 விழுக்காடு சமூகப் பொறுப்பு நிதி முதலில் இங்கே வரட்டும். கார் பூட்டும் கைகளின் பிள்ளைகள் காரை வடிவமைக்கவும் வேண்டும்.