ரயில் பாஸ் வாங்குமுன் பயணத்தை எழுதிப் பாருங்கள்



சில ஆண்டுகளுக்கு முன் உம்மாவை அழைத்துக்கொண்டு குடும்பத்துடன் ஐரோப்பா சென்றோம். காரைக்காலிலிருந்து பாரிஸுக்குக் குடிபெயர்ந்து நெடுங்காலமாகிவிட்ட உம்மாவின் தங்கையைக் காண்பதே அப்பயணத்தின் நோக்கம். அப்படியே அண்டை நாடுகளையும் பார்த்து வரலாமே என்று, 15 நாட்கள் தொடர்ந்து செல்லுபடியாகும் ரயில் பாஸை எல்லோருக்கும் வாங்கினேன். பிழை அங்கேதான் தொடங்கியது. ஒரு நாள் வீட்டில் தங்கினாலும் அந்நாளுக்குரிய பணம் வீணாகிறதே என்ற எண்ணம் என்னை விடவில்லை. காலையில் ரயில் நிலையம், இரவில் புதிய ஊர் என்று அலைந்தோம். ஊர் திரும்பியபின், "தங்கச்சியோட ரெண்டு நாள்தானே இருந்தேன்" என்று உம்மா ஒரே ஒரு முறை சொன்னார்கள். அவர்கள் குறையாகச் சொல்லவில்லை. ஆனாலும் அச்சொல் இன்றளவும் என்னை உறுத்துகிறது.

இப்பொழுது கோடை விடுமுறைக்குப் புறப்படும் குடும்பத்தினர் பலரும், "எந்தப் பாஸ் வாங்கலாம்?" என்று கேட்கின்றனர். முதலில் பயணத்தை ஒரு தாளில் எழுதுங்கள், பாஸைப் பிறகு தேர்ந்தெடுங்கள் என்பதே என் கருத்து.

ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்போருக்கு உரியது யூரெயில். அது 1959இல் தொடங்கியது. ஐரோப்பாவில் வசிப்போருக்கு உரியது இன்டர்ரெயில். அது 1972இல் வந்தது. இங்கே கடவுச்சீட்டைவிட வசிப்பிடமே முக்கியம். காரைக்காலிலிருந்து செல்லும் அக்காவுக்கு யூரெயில். பாரிஸில் வசிக்கும் தங்கை உடன் வருவதானால் அவருக்கு இன்டர்ரெயில். தாம் வசிக்கும் நாட்டுக்குள் இன்டர்ரெயிலை வெளியே செல்ல ஒரு முறையும் திரும்பி வர ஒரு முறையும் மட்டுமே பயன்படுத்தலாம் என்பதையும் நினைவிற்கொள்க. இரண்டுமே 33 நாடுகளில் செல்லும். ஆனால் பாஸ் செல்லும் இடமெல்லாம் விசா செல்லாது. ஷெங்கன் விசாவைக் கொண்டு பிரிட்டனுக்குள் நுழைய இயலாது.

அடுத்தது நாட்கணக்கு. தொடர் பாஸ் என்பது வாங்கிய காலம் முழுவதும் ஒவ்வொரு நாளும் செல்லும். மற்றொரு வகையில், ஒரு மாதத்துக்குள் நாம் விரும்பும் 4, 5 அல்லது 7 நாட்களையோ, இரண்டு மாதங்களுக்குள் 10 அல்லது 15 நாட்களையோ பயண நாட்களாக எடுத்துக்கொள்ளலாம். ஓர் எடுத்துக்காட்டு: பாரிஸிலிருந்து சூரிச், அங்கிருந்து வியன்னா, பின்னர் மூனிச், மீண்டும் பாரிஸ். மூன்று வார காலத்தில் நிதானமாகப் பார்க்கத்தக்க பயணம் இது. ரயிலில் ஏறும் நாட்கள் நான்கே. நான்கு நாள் பாஸ் இதற்குப் போதும். எஞ்சிய நாட்களில் உறவினர் வீட்டில் தங்கலாம், பூங்காவில் பிள்ளைகளை விளையாட விடலாம். பணம் வீணாகிறதே என்ற கவலை இராது. நகருக்குள் ஓடும் மெட்ரோவுக்கும் டிராமுக்கும் பொதுவாக இந்தப் பாஸ் உதவாது. அவற்றுக்கான செலவைத் தனியே ஒதுக்க வேண்டும்.

பலரும் கவனியாத செலவு இருக்கை முன்பதிவுக் கட்டணம். பிரான்சின் டிஜிவி, ஸ்பெயினின் ஏவிஇ, இத்தாலியின் ஃப்ரெச்சாரோசா, லண்டன் செல்லும் யூரோஸ்டார் ஆகியவற்றில் பாஸ் இருந்தாலும் கட்டணம் செலுத்தி முன்பதிவு செய்தாக வேண்டும். பாஸ்தாரர்களுக்கான இருக்கைகள் தீர்ந்துவிடுவதும் உண்டு. பெரியவர் ஒருவருடன் 4 முதல் 11 வயது வரையிலான பிள்ளைகள் இருவருக்குப் பாஸ் இலவசம். ஆயினும் அப்பிள்ளைகளின் முன்பதிவு இலவசமன்று. மாறாக, ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளின் உள்நாட்டு ரயில்கள் பெரும்பாலானவற்றில் முன்பதிவின்றியே ஏறலாம்.

இந்த வேறுபாடு நம் அன்றாட வாழ்வையும் தொடுகிறது. பயண நாள் ஒன்றில் எத்தனை ரயில்களில் வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். சூரிச்சிலிருந்து வியன்னா செல்லும் வழியில் சால்ஸ்பர்க்கில் இறங்கி, லுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுது, உம்மாவுக்குச் சற்று ஓய்வளித்து, அடுத்த ரயிலைப் பிடிக்கலாம். முன்கூட்டியே வாங்கும் மலிவுச் சீட்டு பெரும்பாலும் ஒரே ரயிலுக்கு உரியது. அந்த ரயிலைத் தவறவிட்டால் பணம் போயிற்று. முன்பதிவு கட்டாயமான வழித்தடங்களில் பாஸ்தாரருக்கும் அந்தச் சுதந்திரம் இல்லை. ஆகவே பயணத்தின் பெரும்பகுதி பிரான்சிலும் ஸ்பெயினிலும் அமையுமானால், தனித்தனிச் சீட்டுகளின் விலையைக் கூட்டிப் பாருங்கள். பாஸ் தேவைப்படாமலே போகலாம்.

"பாஸே வீண், மாதங்களுக்கு முன்பே மலிவுச் சீட்டு வாங்குவதுதான் அறிவு" என்பாரும் உளர். ஐரோப்பியக் கடவுச்சீட்டு உடையோருக்கு அது பொருந்தலாம். விசா கைக்கு வரும்வரை பயணம் உறுதியாகாத நம்மவர்க்கோ, விசா வந்து சேர்கையில் மலிவுச் சீட்டுகள் தீர்ந்திருக்கும். பயண நாள் நெருங்குவதால் மட்டும் பாஸின் விலை ஏறுவதில்லை. இவ்விடத்தில் பாஸ் நமக்கு உண்மையாகவே உதவுகிறது.

சுவிட்சர்லாந்து ஒன்றை மட்டும் பார்ப்பதானால், அந்நாட்டின் சுவிஸ் டிராவல் பாஸ் பொருத்தமாக இருக்கும். ரயிலுடன் ஏரிப் படகும் நகரப் பேருந்தும் அதில் அடங்கும். பெற்றோருடன் செல்லும் 15 வயது வரையிலான பிள்ளைகளுக்குக் குடும்ப அட்டையின் பேரில் கட்டணமில்லை. யுங்ஃப்ராவ்யோக் போன்ற மலையுச்சிகளுக்குச் செல்லும் ரயிலுக்கு அதில் தள்ளுபடி மட்டுமே உண்டு.

வீண்விரயம் என்றால் நாம் பணத்தையே நினைக்கிறோம். ஆண்டுக்கணக்கில் காணாத உடன்பிறப்பின் வீட்டில் அமர்ந்து பேசக் கிடைத்த நேரத்தை ரயில் நிலைய நடைமேடைகளில் தொலைப்பதும் விரயமே. உறவைப் பேணுவது நம் மீது கடமை. அடுத்த முறை அல்லாஹ் நாடினால், பயணத் தாளின் முதல் வரியில் உம்மா தம் தங்கையுடன் தங்கும் நாட்களை எழுதுவேன். பாஸ் எத்தனை நாளுக்கு என்பதை அதன் பிறகே முடிவு செய்வேன். நீங்களும் அவ்வாறே செய்யுங்கள். உங்கள் பயணங்களை அல்லாஹ் எளிதாக்கி வைப்பானாக.