ஊர்க்கூட்டம் எழுதி வாங்கும் தாள்

கைவிட்டவன் ஆதிக்கச் சாதி, ஏமாந்தவள் சேரிப்பெண் என்றால் நம் கிராமங்களில் முதலில் கூடுவது ஊர்க்கூட்டம்தான். ஒரு தொகையைக் கொடுத்து, 'இனி எதுவும் கேட்க மாட்டேன்' என்று எழுதி வாங்கிவிடுவார்கள். அது செல்லாது. பராமரிப்புத் தொகை குழந்தையின் உரிமை; அதை எழுதிக் கொடுக்கத் தாய்க்கே அதிகாரம் இல்லை. ஊர்ப் பெரியவர்களுக்கு எங்கிருந்து வந்தது?

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவு, இன்றைய புதிய சட்டத்தில் 144. திருமணமாகாமல் பிறந்த குழந்தைக்கும் தந்தை பணம் தரவேண்டும் என்கிறது. (சட்டம் இன்னமும் 'முறையற்ற குழந்தை' என்றே எழுதுகிறது. முறை தவறியது குழந்தையா?) வழக்கு முடியும்வரை காத்திராமல் இடைக்காலத் தொகையும் கேட்கலாம்.

'என் பிள்ளையே இல்லை' என்பான். உத்தரப் பிரதேசத்தில் மூன்று முறை முதல்வராக இருந்த என்.டி.திவாரியும் அப்படித்தான் மறுத்தார். மகன் ரோஹித் சேகர் டெல்லி உயர் நீதிமன்றத்தில் விடாமல் நின்றார். பணத்துக்காக அல்ல, தந்தை பெயருக்காக. 2012இல் திவாரி ரத்தம் கொடுக்க வேண்டியதாயிற்று, ஜூலையில் டி.என்.ஏ. முடிவு உண்மையைச் சொன்னது.

எல்லா வழக்கிலும் கேட்டவுடன் சோதனைக்கு உத்தரவு வராது. ஆகவே செல்போன் செய்திகளை, படங்களை அழித்துவிடாதீர்கள். சோதனைக்கு உத்தரவிட்டும் அவன் மறுத்தால், அதையே அவனுக்கு எதிராக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம்.

பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் உண்டு. 15100க்குப் பேசினால் போதும். சாயர்புரம் போப் கல்லூரி மாணவர்களே, உப்பளத்துக்குப் போகும் அக்காமாரிடம் இந்த எண்ணைச் சேர்த்துவிடுங்கள்.