நூறு நாற்காலி போதும்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமை இல்லாதவர்கள் லைக் போட்டுவிட்டுப் போகலாம், கோபிக்க மாட்டேன்.

இங்கிலாந்தில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் நமது வாட்ஸ்அப் குழுவில் ஒன்று கேட்டான். அவன் ஆடுகிற 'எலைட் டேஞ்சரஸ்' என்ற விண்வெளி விளையாட்டின் ரசிகர்கள் அங்கே இரண்டு நாள் நேரில் கூடலாமா என்று பேசிக்கொள்கிறார்களாம். பொறுப்பைத் தான் ஏற்கட்டுமா என்று கேட்டான். வந்த பதில்கள் என்ன? "இந்த வயசுல வீடியோ கேமா?" "பழைய கேம்டா, எவன் வருவான்?" கூடவே மூன்று சிரிப்புப் பொம்மைகள். அதன்பிறகு அவன் எழுதவே இல்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. போன் போட்டு இரண்டு மணி நேரம் அவனிடம் பாடம் கேட்டேன்.

பழையது என்கிறீர்களே, உண்மையில் எவ்வளவு பழையது தெரியுமா? முதல் 'எலைட்' வந்தது 1984-இல். கேம்பிரிட்ஜில் படித்த டேவிட் பிராபென், இயன் பெல் என்ற இரண்டு பையன்கள் எழுதியது. அந்தக் கணினியின் மொத்த நினைவகமே 32 கே.பி. நீங்கள் எனக்குத் தினமும் அனுப்பும் குட்மார்னிங் படம் அதைவிடப் பெரிது. அதற்குள் 8 விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 கோள்கள். எதையும் சேமித்து வைக்கவில்லை. சில எண்களைக் கொடுத்துக் கணக்குப் போட்டே அத்தனையையும் வரவழைத்தார்கள். கணக்கு வாத்தியாருக்கு இதைக் கேட்டதும் மயிர்க்கூச்செறிந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

புதிய விளையாட்டு வந்தது 2014 டிசம்பரில். அதற்கும் இரண்டு வருடம் முன்பே, விளையாட்டே கையில் இல்லாதபோது, 25,000-க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து 15 லட்சம் பவுண்டுக்கு மேல் முன்பணம் கட்டினார்கள். பார்க்காத பொருளுக்குப் பணம் கட்டியவன் பார்க்கிற மண்டபத்துக்குக் கட்டமாட்டானா?

இன்னொன்று கேளுங்கள். அதில் 'ஹட்டன் ஆர்பிட்டல்' என்று ஒரு நிலையம். நுழைகிற இடத்திலிருந்து 0.22 ஒளியாண்டு தூரம். போய்ச்சேர நம் கடிகாரத்தில் ஒன்றரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. போனால் அங்கே கிடைக்கும் பெருமை ஒரு காபி மக்! அந்த வெட்டிப் பயணத்துக்கே ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். எரிபொருள் தீர்ந்து நடுவானில் நிற்பவனுக்குக் காசு வாங்காமல் எரிபொருள் கொண்டுபோய்க் கொடுக்க 2015 முதல் 'ஃப்யூயல் ராட்ஸ்' என்று ஒரு தொண்டர் படை. இப்படிப்பட்டவர்களா ரயில் ஏறி வரமாட்டார்கள்?

ஆனால் சிரித்தவர்களோடு மட்டும் எனக்குச் சண்டை இல்லை. அவனோடு சேர்ந்து திட்டம் போடுகிறவர்களோடும்தான். ஆயிரம் பேராவது வேண்டுமாம், மேடை வேண்டுமாம், கம்பெனிக்காரர்கள் வரவேண்டுமாம். மாநாடு என்ற சொல்லே ஆளைக் கெடுத்துவிடுகிறது! விளையாட்டை நடத்தும் ஃப்ரன்டியர் கம்பெனி 2017-இல் லண்டனில் தானே ஒரு விழா நடத்தியது. அதே கம்பெனிதான் 2022-இல் பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் பெட்டிகளில் ஆடுகிறவர்களுக்கு இனிப் புதிதாக எதுவும் செய்யப்போவதில்லை என்று அறிவித்தது. கம்பெனிக்கு அதன் வியாபாரம். அதை நம்பிப் பந்தல் போடாதீர்கள். ரசிகர்களே கூடிய 'லேவ்கான்' அங்கேயே நடந்திருக்கிறது. லேவ் என்பது 1984 விளையாட்டில் பயணம் தொடங்கும் கோள்.

நம் பத்தாம் வகுப்பு செட் முதல் தடவை கூடியது ஞாபகம் இருக்கிறதா? பள்ளி வராந்தா, 31 பேர், வெஜிடபிள் பிரியாணிப் பொட்டலம். அடுத்த தடவை 300 பேர் என்று கல்யாண மண்டபம் பிடித்தீர்கள். வந்தது 60. முன்பணம் போயிற்று, மனஸ்தாபம் வந்தது, நாலு வருடம் கூடவே இல்லை. ஆசை குறைந்தா நின்றது? மண்டபம் பெரிதானதால் நின்றது.

இப்போது கணக்குக்கு வருகிறேன். 2019-இல் 'டிஸ்டன்ட் வேர்ல்ட்ஸ் 2' என்று பால்வீதியின் மறுகோடிக்கு மாதக்கணக்கில் கூட்டுப்பயணம் போனார்கள். உலகம் முழுதும் பெயர் கொடுத்தவர்கள் 13,000-க்கு மேல். பெயர் கொடுக்கக் காசு வேண்டாம், நேரில் வர வேண்டும், தெரியும். நூற்றில் ஒருவர் என்று வையுங்கள், 130. அதிலும் பாதி கழியுங்கள், 65. ஒரு சின்ன ஹோட்டல் ஹாலுக்கு அது கூட்டம்தான். இன்னும் கொஞ்சம் ஆசைப்பட்டால் நூறு நாற்காலி.

அவன் ஏன் இதற்குத் துடிக்கிறான் என்று யாராவது கேட்டீர்களா? மனைவிக்கு நைட் ஷிஃப்ட், பிள்ளை வெளியூரில் படிக்கிறது. இரவில் அவன் பேசுவது இந்த விளையாட்டு நண்பர்களோடுதான். ஆறு வருடம் கூடப் பறந்த ஒருவர் போன வருடம் திடீரென்று வரவில்லை. நாள்கணக்கில் காத்திருந்தான். விசாரிக்க நிஜப்பெயர்கூடத் தெரியாது. இன்றுவரை தெரியாது. "இருக்கிறவங்க முகத்தையாவது ஒரு தடவை பாத்துடணும் சார்" என்றான்.

தம்பி, நீ பொறுப்பை எடு. சின்ன ஹாலாகப் பார். முன்பணம் முழுதாகத் திரும்பக் கிடைக்கும் கடைசித் தேதியைக் கேட்டு எழுத்தில் வாங்கு. 'வர்றேன்' என்று சொன்னவனை எண்ணாதே, பணம் கட்டினவனை மட்டும் எண்ணு. அந்தத் தேதிக்குள் 65 தேறாவிட்டால் ஹாலை விட்டுவிட்டு, வருகிற பத்துப் பேரோடு எங்காவது உட்காருங்கள். பப்போ காபிக்கடையோ, நான் கேட்கமாட்டேன்.

சிரிப்புப் பொம்மை போட்ட மூவரும் இன்றைக்குள் அவனுக்குப் போன் செய்ய வேண்டும். யார் யார் என்று பார்த்துவிட்டேன். மூன்று பேருமே கடைசி பெஞ்ச்.