தொலைவிலிருந்து மழலை கேட்டல்

பிள்ளை பேசப் பிந்தினால் நம் வீட்டுப் பெரியோர் கூறும் ஆறுதல் ஒன்றுண்டு. "இவன் அப்பனும் பிந்தித்தான் பேசினான், தானாய் வரும்" என்பர். பல வீடுகளில் அது தானாகவே வந்தும் விடுகிறது. வராத வீட்டில்தான் இடர். இரண்டு வயது நிரம்பியும் "அம்மா வா", "பால் தா" என இரு சொற்களைக் கூட்டிச் சொல்லாத பிள்ளையைத் தக்கார் ஒருவரிடம் காட்ட வேண்டும் என்பது இத்துறை வல்லுநர் கொள்கை. யாரிடம் காட்டுவது என்பதே வட்டவளைத் தோட்டத்துத் தாயின் கேள்வி.

நம் நாட்டில் இத்துறைக்கான பட்டப்படிப்பு, களனிப் பல்கலைக்கழகத்தின் றாகமை மருத்துவ பீடத்தில் 2008ஆம் ஆண்டிலேதான் தொடங்கிற்று. பேச்சு மொழிச் சிகிச்சையாளர் தொகையே சிறிது. அவருள்ளும் தமிழிற் பணியாற்ற வல்லார் மிகச் சிலர். நாவலப்பிட்டிக்கோ கண்டிக்கோ புகையிரதமேறிச் செல்லத் தாய்க்கு ஒரு நாட் சம்பளம் போகும். போய்ச் சேர்ந்தாலும், மழலையைப் பிறிதொருவர் மொழிபெயர்த்துச் சொல்லக் கேட்பவர் எதனை அறிவார்? மழலையை மொழிபெயர்த்தல் ஆகாது. அது காதாற் கேட்டே அறியவேண்டியது.

ஆகவே, யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ உள்ள தமிழறிந்த சிகிச்சையாளர் ஒருவர், காணொளி அழைப்பின் வழியாகத் தோட்டத்துப் பிள்ளையைக் கண்டு பேசவைத்து மதிப்பிடுதல் வீண் ஆடம்பரமன்று. 2020இல் கொரோனா நோயினால் வைத்தியசாலைகளும் பாடசாலைகளும் முடங்கியபோது இம்முறை உலகெங்கும் பரவியது. அதற்கு முன்னரே, அவுஸ்திரேலியாவின் குயீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தார், 5 முதல் 9 வயது வரையான பிள்ளைகளை இணையத்தின் வழியும் நேரிலும் ஒருங்கே மதிப்பிட்டு, மொழித் தேர்வின் பேறுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை என 2010இல் வெளியிட்டனர்.

நிற்க. அங்குப் பிள்ளைகள் ஆங்கிலம் பேசினர். மேலே தகரக் கூரையும் இருந்திராது. வட்டவளையோ இலங்கையில் மழை மிக்க இடங்களுள் ஒன்று. அம்மழை லயத்தின் தகரத்தில் விழும் ஓசையிற் பக்கத்திலிருப்பவர் பேச்சே கேளாது. பழைய தொலைபேசிக் கம்பி 300 முதல் 3400 ஹேர்ட்ஸ் வரையான ஒலிகளையே கொண்டு சென்றது. 'ஸ்' என்னும் ஒலியின் வலிமையோ பெரும்பாலும் 4000க்கு மேற்பட்டது. இன்றைய இணைய அழைப்பு இதனினும் அகன்றதுதான். ஆயினும் தொடர்பு நலியும்போது அது ஒலியைச் சுருக்கிவிடுகிறது. இரைச்சலை நீக்கவென அமைத்த ஏற்பாடு, மழையோசையோடு பிள்ளையின் மெல்லோசையையும் சேர்த்து விழுங்குதல் கூடும். அப்பொழுது 'சட்டை'யைப் பிள்ளை 'தட்டை' என்றதா, கருவி அவ்வாறு காட்டிற்றா என்று துணிவது எங்ஙனம்?

கருவியினாற் பிழை வருதல் போலச் சொல்லினாலும் வரும். ஆசிரியத் தொழிலிலுள்ள நமக்கு இதுவே பெரிதாகப் படுகிறது. தேர்வுப் படங்கள் வேறோர் ஊருக்கென வரையப்பட்டவையாயின், கப்பலும் நண்டும் பனைமரமும் திரையில் வரும். கடலைக் காணாத பிள்ளை வாய் மூடியிருக்கும். அதே பிள்ளையிடம் பீலியையும் கொழுந்துக் கூடையையும் காட்டினால் அவ்வாறிராது. அறையைக் 'காம்பரா' என்பது தோட்டத்து வழக்கு; அதனைப் பிழையென்று குறிக்கும் தேர்வாளர் பிள்ளையை அளக்கவில்லை, தம் ஊரை அளக்கிறார். 'மழை'யை 'மளை' என்பதும் அத்தகையதே. பெற்றோர் நாவிலேயே ழகரம் ளகரமாய் ஒலிக்கும்போது பிள்ளையின் நாவில் மட்டும் நோய் காண்பதா? (யாழ்ப்பாணத்தாரும் இவ்விடயத்திற் சிரிக்க உரியரல்லர்!) 'அட்டை' என்றாற் கொழும்புப் பிள்ளைக்குப் புத்தக உறை நினைவுக்கு வரலாம், வட்டவளைப் பிள்ளை தன் காலைக் குனிந்து பார்க்கும். இத்தகைய விடைகளுக்காக ஒரு பிள்ளையின் பெயருக்கெதிரே 'மந்தம்' என்ற சொல் விழுந்துவிட்டால், பாடசாலைக் காலம் முழுவதும் அஃது அழியாதிருத்தலை நாம் அறிவோம்.

மறுபுறம், மெய்யாகவே செவி கேளாத பிள்ளை ஒன்று "பிந்திப் பேசும்" என்ற ஆறுதலிலேயே ஐந்து வயதை எட்டிவிடுதலும் உண்டு. பேச்சுப் பிந்திய பிள்ளைக்கு முதலிற் செய்ய வேண்டியது செவிப் பரிசோதனை. இதனைச் சாதாரண காணொளி அழைப்பாற் செய்யவியலாது. கருவி பிள்ளையிடம் வரவேண்டும். தமிழ்நாட்டில், சென்னை ஸ்ரீ இராமச்சந்திரா நிறுவனத்தார் கிராமச் சுகாதாரப் பணியாளர்க்குப் பயிற்சியளித்துக் குழந்தைகளின் செவியை முதற்கண் சோதிக்கச் செய்தனர். ஐயத்துக்குரிய குழந்தைகளை, கருவி பொருத்திய வண்டியில் வைத்துத் தொலைவிலிருந்த வல்லுநரே பரிசோதித்தார். அங்கே வண்டியினும் பெரிது, குழந்தையை மடியில் வைத்திருந்தவள் அறிமுகமானவள் என்பதே.

நம் தோட்டங்களிலும் அத்தகையோர் இருக்கின்றனர். பிள்ளைக் காம்பராவிற் பணிபுரியும் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தரை நாம் கருதுகிறோம். தாய் மலையேறிய பின் நாள் முழுதும் பிள்ளையின் பேச்சைக் கேட்பவர் அவர். காணொளி மதிப்பீட்டில் அவரே பக்கத்தில் அமர்தல் வேண்டும். பிள்ளை எந்தப் படத்தைச் சுட்டியது என்று திரைக்கு அப்பாலிருப்பவருக்குத் தெரியாது. அதனை உரைப்பவர் அவர். ஆயின் விடையைக் கண்ணாலோ தலையசைவாலோ காட்டிக்கொடுத்தல் ஆகாது. அதற்குச் சிறு பயிற்சி தேவை. படங்களை மலையகத்துக்கென்று வரைவித்தலும், அவற்றை இங்குள்ள பிள்ளைகளிடமே முதலிற் காட்டி எவ்வயதில் எச்சொல் வருகிறது எனக் குறித்தலும் பல்கலைக்கழகத்தார் கடன். மலையகத்திலிருந்து அங்குச் சென்று பயிலும் நம் மாணவர் இப்பணியை மேற்கொள்ளலாகாதா?

பெற்றோர் அதுவரை காத்திருக்க வேண்டுவதில்லை. பீலிக்கரையில் அல்லது வாசலில் பிள்ளை தன் வயதுத் தோழரோடு விளையாடும் வேளையில், கைத்தொலைபேசியில் ஐந்து நிமிடம் பதிவு செய்து வைத்துக்கொள்ளலாம். "அதைச் சொல்லு, இதைச் சொல்லு" என்று இடையில் ஏவாதீர்கள். வைத்தியரைக் கண்டவுடன் நாணி வாய் மூடும் பிள்ளைக்கு அப்பதிவே சாட்சி. மழை விட்ட நேரம் பார்த்து எடுங்கள்.