குடியரசுத் தலைவர் தேர்தல்: நம்ம எம்.எல்.ஏ. ஓட்டின் மதிப்பு 176

தொகுதி மறுசீரமைப்பு பற்றி நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் கொஞ்ச காலமாகவே சூடான வாதம் நடக்கிறது. தமிழ்நாட்டின் 39 எம்.பி.க்கள் என்ன ஆவார்கள், உத்தரப் பிரதேசத்துக்கு எத்தனை கூடும் என்று ஆளுக்கொரு கணக்கு. ஆனால் அந்த வாதத்துக்கு அடியில் கிடக்கும் 1971 மக்கள்தொகைக் கணக்கு இன்னொரு இடத்திலும் உட்கார்ந்திருக்கிறது. இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலில். அங்கே எந்த ஆணையமும் கூட வேண்டாம், புதுச் சட்டமும் வேண்டாம். இன்றுள்ள சட்ட வாசகப்படி கணக்கு தானாகவே மாறிவிடும். இதைப் பற்றிய பேச்சுதான் காதில் விழவே இல்லை.

வெளிநாட்டிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்காக முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறோம். இந்தியக் குடியரசுத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள், மாநிலங்களிலும் டெல்லி, புதுச்சேரியிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.எல்.ஏ.க்கள், இவர்கள் சேர்ந்ததுதான் வாக்காளர் குழு. நியமன உறுப்பினர்களுக்கு ஓட்டு கிடையாது. ஒரு எம்.எல்.ஏ. ஓட்டின் மதிப்பு எல்லா மாநிலத்திலும் ஒன்றல்ல. மாநிலத்தின் மக்கள்தொகையை எம்.எல்.ஏ. எண்ணிக்கையால் வகுத்து, வருவதை ஆயிரத்தால் வகுக்க வேண்டும். அந்த மக்கள்தொகை 1971-ஆம் ஆண்டுடையது.

அன்று தமிழ்நாட்டில் 4 கோடியே 12 லட்சம் பேர். 234-ஆல் வகுத்து, ஆயிரத்தால் வகுத்தால் 176. உத்தரப் பிரதேச எம்.எல்.ஏ.வுக்கு 208. சிக்கிம் எம்.எல்.ஏ.வுக்கு வெறும் 7. எல்லா எம்.எல்.ஏ. ஓட்டுகளின் மொத்த மதிப்பை 776 எம்.பி.க்களுக்குச் சமமாகப் பங்கிட்டால் ஒரு எம்.பி. ஓட்டின் மதிப்பு கிடைக்கும். 2022 தேர்தலில் அது 700. ஆக, டெல்லிக்குப் பாதி பலம், மாநிலங்களுக்குப் பாதி பலம். அரசியல் சட்டத்தை எழுதியவர்கள் தெரிந்தேதான் இப்படிச் சமன் செய்தார்கள்.

இப்போ பீகாரைப் பாருங்க. அங்கே ஒரு எம்.எல்.ஏ. ஓட்டின் மதிப்பு 173. நம்மைவிட மூன்று குறைவு. 2011 கணக்கெடுப்பை வைத்து அதே வகுத்தலைப் போட்டுப் பார்த்தோம். பீகாருக்கு 428 வருகிறது, தமிழ்நாட்டுக்கு 308. ராஜஸ்தான் இன்று 129, 2011 கணக்கில் 343. இன்று நமக்குப் பின்னால் நிற்கும் இரண்டு மாநிலங்களும் ஒரே கணக்கில் நம்மைத் தாண்டிப் போய்விடுகின்றன. மாநிலங்களின் பாதிப் பலத்தில் தமிழ்நாட்டின் பங்கு இன்று சுமார் ஏழரை சதவீதம். 2011 கணக்கில் அது 6 சதவீத அளவுக்கு இறங்கும். அடுத்த கணக்கெடுப்பில் இன்னும் இறங்கும் என்பதைச் சொல்ல ஜோசியர் வேண்டாம்.

எம்.எல்.ஏ. எண்ணிக்கையைக் கூட்டிச் சரிக்கட்டலாமே என்று சிலர் கேட்கக்கூடும். முடியாது. 234-ஐ 350 ஆக்கினால் ஆளுக்கு வரும் மதிப்பு குறையுமே தவிர, மாநிலத்தின் மொத்தம் அப்படியேதான் இருக்கும். அந்த மொத்தம் மக்கள்தொகையை மட்டுமே பார்க்கும்.

1971 என்ற எண்ணை 1976-இல் 42-ஆவது திருத்தம் உறைய வைத்தது. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்யும் மாநிலம் அதனால் அதிகாரம் இழக்கக்கூடாது என்பது அதன் நியாயம். அந்த ஏற்பாட்டை 84-ஆவது திருத்தம் நீட்டித்தது. 2026-க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பின் விவரங்கள் வெளியாகும் வரை 1971 கணக்கே செல்லும் என்று 55-ஆவது பிரிவின் விளக்கம் சொல்கிறது. அடுத்த கணக்கெடுப்புக்கான நாள் 2027 மார்ச் 1 என அறிவிக்கப்பட்டுள்ளது. அதன் விவரங்கள் வெளியானதும் இந்தக் காவல் முடிந்துவிடும். மக்களவைத் தொகுதிகளை மாற்ற சட்டம் வேண்டும், ஆணையம் வேண்டும், அதற்குள் போராட நேரமும் இருக்கும். எம்.எல்.ஏ. ஓட்டின் மதிப்புக்கு அப்படி எந்தத் தடுப்பும் இல்லை. 2027 ஜூலைக்குள் நடக்க வேண்டிய தேர்தல் பழைய கணக்கிலேயே நடந்துவிடும் என்றுதான் தோன்றுகிறது. அதற்கடுத்த 2032 தேர்தல் அப்படி நடக்காது.

"அட, ரப்பர் ஸ்டாம்ப் பதவிக்கு இவ்வளவு கவலையா?" என்ற கேள்வி வரும். நீட் விலக்கு மசோதாவைச் சட்டமன்றம் நிறைவேற்றியும் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காமல் போனதே, அதை நினைத்துப் பார்க்கட்டும். ஆளுநர் கிடப்பில் போட்ட மசோதாக்கள் பற்றி 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்ததும், அடுத்த மாதமே அந்த நீதிமன்றத்திடம் விளக்கக் கேள்விகள் சென்றது குடியரசுத் தலைவர் மாளிகையிலிருந்துதான். அமைச்சரவை சொல்கிறபடிதான் அவர் நடக்கிறார், வாஸ்தவம். ஆனாலும் மாநிலத்தின் மசோதா கடைசியாகப் போய் நிற்கும் வாசல் அவருடையது.

தமிழ்நாட்டின் பங்கு குறைந்தால் முடிவு மாறுமா? 2022-இல் மாறியிருக்காது. திரௌபதி முர்மு 6,76,803 மதிப்பு வாக்குகள் பெற்றார், யஷ்வந்த் சின்ஹா 3,80,177. 2002-இல் அப்துல் கலாமுக்கு முன்னால் போட்டி என்றே ஒன்று இல்லை. (அந்தத் தேர்தலில் அவரை எதிர்த்து நின்ற கேப்டன் லட்சுமி சென்னையில் பிறந்தவர். அவர் தலைமையேற்ற ஜான்சி ராணி படையில் மலேயா, சிங்கப்பூர் தமிழ்ப் பெண்கள் பலர் இருந்தார்கள். ராமேசுவரத்துக்காரரும் சென்னைக்காரரும் ராஷ்டிரபதி பவனுக்கு மோதிக்கொண்டதை நம்மில் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்?)

ஆனால் 1969 வேறு கதை. காங்கிரஸின் அதிகாரபூர்வ வேட்பாளர் நீலம் சஞ்சீவ ரெட்டி. இந்திரா காந்தியோ மனசாட்சிப்படி ஓட்டுப் போடச் சொல்லிவிட்டார். முதல் விருப்ப வாக்குகளில் வி.வி. கிரிக்கு 4,01,515 வந்தும் பாதியைத் தாண்டவில்லை. மற்றவர்களை நீக்கி இரண்டாம் விருப்பங்களை எண்ணிய பிறகு கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. வித்தியாசம் 15 ஆயிரத்துக்கும் குறைவு. இன்று தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.க்களின் மொத்த மதிப்பு மட்டும் 41,184. கூட்டணி அரசியல் டெல்லிக்குத் திரும்பும் நாளில் இந்த எண்ணுக்கு விலை இருக்கும்.

எதிர்வாதத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். பீகாரில் பிறந்த குழந்தை தலையில் அரைத் தலையா என்று அந்த மாநிலத்தவர் கேட்டால், அதில் நியாயம் இல்லை என்று எப்படிச் சொல்வது? ஒருவருக்கு ஒரு மதிப்பு என்பது ஜனநாயகத்தின் அடிப்படை. மக்களவை என்றால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் திணறுவோம். ஆனால் குடியரசுத் தலைவர் ஆட்சி நடத்துகிறவர் அல்ல, மாநிலங்கள் சேர்ந்த ஒன்றியத்தின் தலைவர். அவரைத் தேர்ந்தெடுப்பதில் தலை எண்ணிக்கையோடு மாநிலங்களின் சமநிலைக்கும் இடம் கொடுப்பது தவறாகாது. அமெரிக்காவில் இருக்கும் வாசகர்களுக்கு இது புதிதல்ல. சுமார் 4 கோடிப் பேர் வாழும் கலிஃபோர்னியாவுக்கு 54 வாக்காளர்கள், 6 லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கு 3. அந்த அளவுக்குச் சாய்ப்பது நமக்கு உடன்பாடில்லை. அதைக் கேட்கவும் இல்லை. 1971-இன் விகிதத்தை இன்னும் ஒரு தலைமுறைக்கு நீட்டியுங்கள் என்பதே நம் கோரிக்கை.

அது சுலபமும் அல்ல. 55-ஆவது பிரிவைத் திருத்த நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு, குறைந்தது பாதி மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதலும் வேண்டும். கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா மட்டும் போதாது. ஒடிசா, பஞ்சாப், மேற்கு வங்கம் என்று ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்க வேண்டும். தமிழ்நாட்டுக் கட்சிகள் தொகுதி மறுசீரமைப்புக்கு எதிராகத் தீர்மானம் போடும்போதெல்லாம் 81, 82-ஆவது பிரிவுகளோடு 55-ஐயும் ஒரு வரியில் சேர்த்துக்கொள்ளட்டும். அந்தக் கட்சிகளின் தலைவர்கள் லண்டனுக்கும் நியூ ஜெர்சிக்கும் சிங்கப்பூருக்கும் விருந்தினர்களாக வருகிறார்கள். சால்வை போர்த்திப் படம் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் 176 என்ற எண்ணைப் பற்றி அவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்.